உதகைக்குப் போன மூதாதை

1932ஆம் ஆண்டில் மயிலாப்பூர் லஸ் முனையில் இருந்த ஒரு காரியாலயத்தைப் பற்றிய இவ்வரலாறு, மயிலாப்பூரில் ஒரு பாடமாகவும் சிந்தாதிரிப்பேட்டையில் வேறு பாடமாகவும் வழங்குகிறது. இரண்டிலும் குரங்கு ஒன்றே.

சித்திரை பிறந்ததும் பெரிய துரைமார் உதகைக்கு ஏறிவிடுவர். லஸ் முனைத் தெருவிலங்குப் பரிபாலனக் காரியாலயத்துக்கு மட்டும் அந்தப் பாக்கியம் வாய்த்ததில்லை. அவ்வாண்டு அதன் சூப்பரிண்டெண்டு கோதண்டபாணி, குரங்கினத்தின் ஆதி மூதாதையர் வெப்பக் காடுகளில் அல்ல, பனி விழும் வடதேசங்களில் தோன்றிக் குளிருக்குப் பழகியவர்கள் என்று சீமைச் சஞ்சிகை ஒன்றில் வாசித்தார். விசிறியைக் கீழே வைத்தார்.

"ஓய் பஞ்சாட்சரம், குரங்கிலிருந்து வந்தவன் மனுஷன். குரங்கோ குளிர்தேசத்து ஜந்து. அப்படியானால் நாம் இந்த வெயிலில் உட்கார்ந்திருப்பது?"

"இயற்கைக்கு விரோதம்" என்றார் தலைமைக் குமாஸ்தா. "ஆனால் சோதித்துக் காட்ட ஒரு குரங்கு வேண்டுமே."

அன்று மாலையே, கோயில் குளக்கரையில் வித்தை காட்டிய குரங்காட்டி பக்கிரியின் குரங்கு சூடாமணி, குளிர்தேசப் பிராணியை வெயிலில் வருத்திய குற்றத்தின்பேரில் கைப்பற்றப்பட்டது.

"இன்னா சாமி அநியாயம்! அது பொறந்ததே கூவத்தாண்ட. அது ஆடினாதான் என் வூட்ல அடுப்பு எரியும். குடுத்துடு சாமி."

"உனக்கும் அதற்கும் இரத்த சம்பந்தம் உண்டா?"

"நக்கல் பண்றியா சாமி?"

"எங்களுக்கு உண்டு" என்று பஞ்சாட்சரம் ஒரு கட்டுக் காகிதத்தைக் காட்டினார். 'கீழே கையொப்பமிடும் நான் குரங்கின் வழித்தோன்றலே என மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்.' மயிலாப்பூர்ப் பாடத்தில் ஒப்பமிட்டவர் பதினேழு பேர். சிந்தாதிரிப்பேட்டைப் பாடத்தில் ஒருவரும் பாக்கியில்லை.

உதகைக்குப் போக மேலிடம் அனுமதித்தது. சோதனைக்குச் சூடாமணியும், சந்ததியார் என்ற முறையில் காரியாலயமும் உதகை ஏறின. பக்கிரி ஊட்டினாலன்றி அது உண்ணாதாகையால், அவனும் சாமான் வண்டியில் ஏற்றப்பட்டான்.

முதல் நாளே சூடாமணி வெடவெடவென்று நடுங்கியது.

"ஆனந்தத்தில் ஆடுகிறது" என்றார் கோதண்டபாணி. மூன்று கம்பளிக்குள்ளே அவருடைய பற்களும் தாளம் போட்டன.

"ஆட்டமா இது? குளுர்ல செத்துக்கினு கீது சாமி!"

பஞ்சாட்சரம் அவனைத் தனியே இழுத்தார். "சோதனை முடிவைப் பார்க்க டாக்டர் துரை வருகிறார். ஆட்டம் என்று கைநாட்டு வை. இன்றைக்கே நீயும் குரங்கும் மலையிறங்கிவிடலாம். நடுக்கம் என்றாயோ, கோடை முடியும்வரை இங்கேயே மறுசோதனை."

பக்கிரி சூடாமணியைப் பார்த்தான். மேல்துண்டை அதற்குச் சுற்றினான். பிறகு டாக்டர் துரையின் முன்னே கட்டைவிரலை மையில் தோய்த்தான்.

"ஆட்டந்தான் தொரை. நான்தான் கத்துக்குடுத்தேன்."

குரங்காட்டியின் வாக்குமூலத்தைக் காட்டிலும் மேலான நிபுணர் சான்று ஏது? அதனை ஆதாரமாகக் கொண்டு, அடுத்த சித்திரையில் சர்க்கார் இச்சலுகையைப் பொதுமக்களுக்கும் விரித்தது. குரங்கின் வழித்தோன்றல் என்று எழுதிக்கொடுப்பவர் எவரும் சர்க்கார் செலவில் உதகை செல்லலாம்.

ஓராண்டாக அந்தக் காரியாலயத்தைப் பார்த்துச் சிரித்த வக்கீல்கள், வித்துவான்கள், புராணப் பிரசங்கிகள் எல்லோரும் லஸ் முனையிலிருந்து குளக்கரைவரை வரிசையில் நின்றனர்.

"முந்தாதேயும் ஓய்! உம்மைவிட நான் நெருங்கிய சந்ததி."

"முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே!"

"தெரிகிறதல்லவா? அப்படியே எழுதிக் கொடும், சாட்சிக்கு ஆகும்."

பக்கிரி தட்டை ஏந்தி வரிசை நெடுகப் போனான். "சூடாமணி ஆட்டம் பாருங்க சாமி."

"போடா, இடம் போய்விடும்."

அன்று முழுவதும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாலையில் அவன் தட்டைக் கவிழ்த்துவிட்டுச் சூடாமணிக்குப் பக்கத்தில் குளத்துப் படியில் உட்கார்ந்தான். இருவருமாக வரிசையை வேடிக்கை பார்த்தார்கள்.