ஞாயிற்றுக்கிழமை மூடாக்கு

சொல்லாமல் கொள்ளாமல் மனைவி மாதேவி வரப்பில் வந்து நிற்பாள் என்று சென்னப்பன் எதிர்பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் விரித்திருந்த துண்டை அவசரமாகச் சுருட்டினான்.

குடியிருப்பது மைசூர் மண்டி மொஹல்லாவில். வாரத்தில் ஆறு நாள் நஞ்சன்கூட்டில் தொழிற்சாலை வேலை. ஏழாவது நாளும் அதே பஸ்ஸில் ஏறி, மாமனார் கொடுத்த அரை ஏக்கரில் விவசாயம் செய்வதாகப் பேர். உண்மையில் அவன் அங்கே தூங்கினான். ஆட்டோ ஹாரன் கேட்காத ஒரே இடம் அதுதான். அந்த ஒரு பகல் தூக்கத்தைத் தவிர உலகத்தில் அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

நிலத்தில் களை இடுப்பளவு நின்றது.

"ஏனுங்க, இத்தன நாளாப் பாடுபட்டது இதுதானுங்களா?"

சென்னப்பன் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

மாதேவியே தொடர்ந்தாள். "ரேடியோவுல சொல்றாங்களே, உழாம, உரம் போடாம, இயற்கையோட ஒட்டிப் பண்றதுன்னு. அந்த விவசாயமுங்களா?"

"அதேதான் புள்ள! கரெக்டாக் கண்டுபுடிச்சுட்டியே!"

மாதேவியின் முகம் மலர்ந்தது. சென்னப்பன் அன்றைக்குத்தான் கடைசியாக நிம்மதியாகத் தூங்கினான்.

அடுத்த ஞாயிறு அவள் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. முன்னால் வந்தவர் அவர்கள் தெருப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மஞ்சுநாத். இயற்கை விவசாயப் பைத்தியம்.

"அத்புதா!" என்றார் அவர் களையைப் பார்த்து. "இத அறுத்து இங்கயே போட்டுடுங்க. மேல இலை தழை போட்டு மூடிடணும். மூடாக்கு! மண்ணைக் கிளறவே வேணாம். உள்ளே இருக்கிற புழு எல்லா வேலையும் தானா செஞ்சிடும்."

"அப்ப நாம?"

"ஒண்ணுமே செய்ய வேணாம் சார்!"

அந்த ஒன்றும் செய்யாத விவசாயத்துக்காக, மார்க்கெட்டில் எறிந்த வாழைச்சருகையெல்லாம் மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றினான் சென்னப்பன். "ஏன்ரீ, இது பஸ்ஸா, குப்பை லாரியா?" என்று கண்டக்டர் கத்தினார்.

முதுகு விட்டுப்போயிற்று. நிலத்தைக் கெடுத்துவிட்டால் இவர்கள் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டான். அவரை, துவரை, கேழ்வரகு, பூசணி, செண்டுமல்லி எல்லா விதையையும் ஒன்றாகக் கலந்து கண்ணை மூடிக்கொண்டு வீசினான்.

முளைத்ததைப் பார்த்து மஞ்சுநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பலபயிர்! எதைத் தின்றதுன்னு பூச்சிக்கே தலை சுத்தும். சென்னப்பன் சார், நீங்க ஞானி!"

சென்னப்பன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "இங்க பாம்பு இருக்குதுங்க சார். பெருசு."

"ரொம்ப ஒள்ளேது, நல்லதுதான்! எலிய அது பாத்துக்கும்."

அதற்கடுத்த வாரம் பாம்பைப் பார்க்கவென்றே இன்னும் நாலு பேர் வந்தார்கள். இனி ஞாயிறுதோறும் அங்கேயே வகுப்பு என்று முடிவாயிற்று. பாடம் நடத்துவது சென்னப்பன். பாதிப் பேச்சில் கொட்டாவி விட்டால், "பாருங்க, என்ன நிதானம்!" என்று கைதட்டினார்கள். கைதட்டு கேட்டதும் அவனும் குனிந்து இன்னொரு கூடை சருகை அள்ளிப் போட்டான்.

தை பிறந்தது. அவரை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பூசணி வரப்பைத் தாண்டி உருண்டது. மாமனார் வந்து பார்த்து, மருமகனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாதேவி முந்தானையில் காயைப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சென்னப்பனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அழுகை வரும்போல அசதி.

மாலையில் எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்ப, அவன் மட்டும் வேப்பமரத்தடியில் தொப்பென்று உட்கார்ந்தான். பக்கத்து நிலத்து மல்லம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"அன்னிக்கு மாதேவி என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு விட்டிருப்பா. இந்த மரத்தடியில தூங்கின தூக்கம் போயிருக்காது" என்றான்.

மல்லம்மா சிரித்தாள்.

"அதுக்கு முன்னாடி, ஆடி மாசமே உங்க வீட்டம்மாவும் அந்த மஞ்சுநாத் மேஷ்ட்ரும் வந்தாங்களே, நீங்க குறட்டை விட்டுட்டிருந்தீங்க. அம்மாதான் சொன்னாங்க: 'எழுப்பாதீங்க மேஷ்ட்ரே, இவரும் மண்ணு மாதிரித்தான், கிளறக் கூடாது. மேல புகழ்ச்சியப் போட்டு மூடி வெச்சா, தானா வேலை செய்வாரு.'"