துரைக்குச் சொன்ன விலை

வெள்ளவத்தை,
10.06.1997

பெருமதிப்புக்குரிய சம்பந்தி றேமண்ட் அவர்கட்கு,

நானும் பாக்கியமும் நலம். நீங்களும் மாக்ரெட் அம்மாவும் நலமாயிருக்க வேண்டுகிறோம். உங்கள் மகள் ஐறீனும் என் மகனும் சண்டையில்லாமல் இருக்கிறார்கள். சண்டையிருந்தாலும் எனக்குச் சொல்வதில்லை.

எதிர்வரும் சனிக்கிழமை கொட்டாஞ்சேனை மண்டபத்தில் கூடும் ஓய்வூதியர் சங்கத்தில் நான் பேசுவேன் என்று செயலாளராகிய நீங்கள் அறிவித்துவிட்டீர்கள். விலைவாசி மூன்று மடங்கு ஏறியும் நமது வாழ்க்கைச் செலவுப் படி நொண்டிக்கொண்டு ஏறுவது ஏன் என்று விளக்க, விலைச் சுட்டெண்ணுக்கே விலை சேகரித்த என்னைவிடத் தகுதியானவர் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது முற்றிலும் உண்மை. ஆகையால்தான் என்னால் வர இயலாது.

நான் இருபது வருடம் புதன்கிழமைதோறும் மருதானை அலவி முதலாளியின் கடையில் விலை குறித்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். விலை குறிக்கும் கடையில் ஒரு நெருப்புப்பெட்டிகூட வாங்கக் கூடாது, வாங்கினால் கடைக்காரர் சலுகை காட்டுவார் என்று எனக்கு நானே ஒரு விதி போட்டிருந்தேன். ஓய்வு பெற்று எட்டு வருடமான பின்னும் பழக்கதோஷத்தில் மாதமொருமுறை போய்க் கொப்பியில் குறித்து வருவேன், வாங்க மாட்டேன். "மருதானையில அவ்வளவு மலிவெண்டா அங்கேயே ரெண்டு தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோவன்! உந்தக் கொப்பியையே துருவிச் சம்பல் போடுறது?" என்று பாக்கியம் கேட்பாள். நான் விதியை எடுத்துச் சொல்வேன். வெள்ளவத்தைக் கடைக்காரர்கள்தான் கொள்ளைக்காரர்கள் என்று மனதுக்குள் திட்டுவேன். வாய்விட்டுத் திட்டும் தைரியம் இருந்திருந்தால் உண்மை அன்றே வெளிவந்திருக்கும்.

நேற்று உரைக்குக் குறிப்பெடுக்க மருதானைக்குப் போனேன். வழியில் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டச் சொன்னார்கள். கொப்பியில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி என்று நிரல் நிரலாக ஒரு தமிழனின் கையெழுத்தில் இருந்தால் இந்தக் காலத்தில் யார்தான் சும்மா விடுவார்கள்? "படு மில, மாத்தயா, சாமான் விலை" என்று இரண்டு பாஷையிலும் உளறினேன். ஆமிக்காரப் பொடியன் சென்ற மாதப் பக்கத்தை நிதானமாகப் படித்தான். பிறகு துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுச் சிரித்தான். "சீயா, மே மிலட பொல் தென்னே கொஹெத? மடத் கியன்ன!" இந்த விலைக்குத் தேங்காய் கொடுக்கும் இடத்தைத் தாத்தா அவனுக்கும் சொல்ல வேண்டுமாம்.

அந்தச் சிரிப்பு கடைவரைக்கும் என்னோடு வந்தது. அலவி முதலாளியிடம், நான் பென்சன்காரன், சங்கத்தில் பேசுவதற்காகக் கேட்கிறேன் என்று முதன்முறையாகச் சொன்னேன்.

"யா அல்லாஹ்! தொர பென்சனா? அப்ப கேஸ் போட ஏலாதா?"

"என்ன கேஸ்?"

"நீங்க வெலக் கொன்ட்ரோல் இன்ஸ்பெக்டர் எண்டுதானே தொர நெனச்ச! கொப்பியத் தொறந்தா கவர்மென்ட் வெலயச் செல்லுவன். சனத்துக்கு வேற வெல."

"அந்தச் சட்டம் போய் எத்தனை வருசம்!"

"சட்டம் போனா என்ன? தொர வந்துட்டேதானே இருந்தீங்க! பக்கத்துக் கடக்காரங்களும் என்னக்கிட்டக் கேட்டுட்டு அதயேதான் ஒங்களுக்குச் சென்ன."

நாலு கடை, இருபது வருடம்! அந்தப் பொய் விலையை வைத்துத்தான் சுட்டெண்ணும், அதை வைத்து நமது படியும். மாக்ரெட் அம்மா காசு போதாமல் பிரஷர் குளிசையைப் பாதியாக முறித்துப் போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மற்றப் பாதியை விழுங்கியது என் கொப்பியோ என்ற பயத்தில் நேற்றுத் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது பென்சன்காரர் முன் இந்த முகத்தோடு எப்படி நிற்பது? எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். சங்கத்தாருக்கு உண்மை தெரிய வேண்டாம்.

மாக்ரெட் அம்மாவுக்கு எங்கள் வணக்கம். நீங்கள் கும்பிடும் அந்தோனியாரும் நாங்கள் கும்பிடும் பிள்ளையாரும் தங்கள் குடும்பத்தைக் காக்கட்டும்.

தங்கள் தாழ்மையுள்ள,
சுந்தரலிங்கம்

பி.கு. (புதன்): பதற்றத்தில் குடையை அலவி கடையில் மறந்துவிட்டேன். எடுக்கப் போனால், இன்று புதன்கிழமை! எனது இடத்துக்கு வந்த உத்தியோகத்தர், பஹ்மியா என்ற பிள்ளை, கொப்பியைத் திறந்துகொண்டு நிற்கிறாள். முதலாளி அவளுக்கும் அதே துரை விலையைச் சொல்லத் தொடங்கினார். எனக்கு இருமல் வந்தது. இருமலோடு வார்த்தையும் வந்துவிட்டது: "முதலாளி, சனத்துக்குச் சொல்லுற விலையைச் சொல்லுங்கோ." "ஐயா ஆரு?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. "பிழையாக எழுதினவன்" என்றேன். அவள் முதல் விலையை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினாள். நான் ஒரு தேங்காய் வாங்கினேன், சன விலைக்கு.

சனிக்கிழமை வருகிறேன். தைரியம் போகுமுன் என்னை முதலாவதாகப் பேச விடுங்கள். முத்திரை ஒட்டியாயிற்று, முத்திரையும் விலை ஏறிவிட்டது, ஆகவே இதையே அனுப்புகிறேன். மேலேயுள்ள பக்கங்களை வாசிக்க வேண்டாம்.