சந்தேகம் சார் நம்பிய ஒரே கட்டு

ரத்தம் கொடுக்க வந்தவனை இவரைப்போல் அழவைத்துத் திருப்பி அனுப்பிய ஆள் தமிழ்நாட்டிலேயே கிடையாது, எழுதித் தருகிறேன். சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் டெக்னீஷியன். அப்பா அம்மா வைத்த பேர் யாருக்கும் தெரியாது. சந்தேகம் சார் என்று கேட்டால் வாட்ச்மேன் கை காட்டுவார்.

வருகிறவனை முதலில் சொந்தக்காரர்களிடமிருந்து பிரித்துத் தனி ரூமில் உட்காரவைப்பார். மாமனார் எதிரில் எந்த மாப்பிள்ளை உண்மை பேசுவான் என்பது அவர் கட்சி. அப்புறம் ஆரம்பிக்கும். பல்லு புடுங்கினீங்களா, காமாலை வந்துச்சா, வெளியூர்ல எங்க தங்கினீங்க, யாரோட? ஒரு தடவை கிள்ளையிலிருந்து வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அத்தனை பேரையும் கழித்துவிட்டு, ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த வேன் டிரைவரைக் கூப்பிட்டுப் படுக்கவைத்தார்.

"கிருமி புதுசா ஏறியிருந்தா கொஞ்ச நாளைக்கு டெஸ்ட்ல தெரியாது சார். அத வாயால கேட்டுத்தான் புடிக்கணும்" என்பார்.

பிறகு ஒரு மெஷின் வந்தது. பிளேட்லெட் பையில் ஒரு வைட்டமினைக் கலந்து, புற ஊதா ஒளியில் வைத்து ஆட்டும். டெஸ்ட்டுக்குத் தப்பிய வைரஸ்கூட அதில் பெருக முடியாமல் முடங்கிப்போகும். இனி கேள்வி குறையும் என்று ஊரே சந்தோஷப்பட்டது. மனுஷன் மெஷினை மாட்ட வந்த இன்ஜினீயரைப் பிடித்துக்கொண்டார்.

"இது எல்லா வைரஸையும் முடக்குமா?"

"பெரும்பாலும் சார்."

"பெரும்பாலும்னா?"

இன்ஜினீயர் மதியச் சாப்பாடு சாப்பிடாமலே பஸ் ஏறினார். கேள்வி ஒன்றுகூடக் குறையவில்லை.

என் மனைவி கோமதிக்கு ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றியதில் பிளேட்லெட் அதலபாதாளத்துக்கு இறங்கி, ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. கடலூரிலிருந்து நான் காலில் விழுந்து கூட்டிப்போன ஆறு பேரையும் இவர் கழித்துக்கட்டினார். எனக்கு மண்டை கொதித்தது.

"அவ செத்தப்புறம் மிச்சக் கேள்வியக் கேளுங்க சார்" என்று கத்திவிட்டேன்.

"கத்துங்க சார். அடுத்த ஆள வரச்சொல்லுங்க" என்றார்.

அடுத்த ஆள் என் மச்சான் பாலு, கோமதியின் தம்பி. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். தோளில் ஒரு கட்டு.

"என்ன கட்டு?"

"கொட்ட ஒடைக்கறப்ப எண்ணெ பட்டுடுச்சு சார்."

முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அந்தப் பக்கம் அந்தத் தழும்பு இல்லாத வீடே இல்லை. சந்தேகம் சாருக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர். சட்டைக் கையை மடக்கித் தன் பழைய தழும்பைக் காட்டினார். ஒரே ஊர்ப்பக்கத்துக்காரர்களாகி முந்திரி விலை பேச ஆரம்பித்தார்கள். அவர் சர்வீசிலேயே பிரித்துப் பார்க்காமல் நம்பிய கட்டு அது ஒன்றுதான். டெஸ்ட் எல்லாம் சுத்தம். பையை மெஷினில் வைத்து எடுத்து ஏற்றினார்கள். கோமதிக்குக் கசிவு நின்றது.

ஒன்றரை மாதம் கழித்து பாலுவுக்குக் கண் மஞ்சளானது. ஹெபடைடிஸ் பி, ரத்தத்தில் தொற்றும் காமாலை. கட்டுக்குள் இருந்தது எண்ணெய்ப் புண் இல்லை, பச்சை. அக்காவுக்கு முடியவில்லை என்றதும் திருவிழாக் கடை ஒன்றில், யார் யாருக்கோ குத்திய ஊசியால் 'கோமதி' என்று குத்திக்கொண்டிருக்கிறான்.

"பச்ச குத்தினவன்கிட்ட எடுக்க மாட்டாங்கன்னாங்க மாமா. அக்காவுக்கு நான் குடுக்கணும்னுதான்..." என்று தேம்பினான். அவனை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. எதிர்ப்புச் சக்தியே இல்லாத உடம்பில் அவன் ரத்தம் போயிருக்கிறது.

சந்தேகம் சாரிடம் ஓடினேன். கேட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னுது சார். நான் பிரிச்சுப் பாத்திருக்கணும்."

"மெஷின்ல வச்சீங்கல்ல? அப்ப பயமில்லன்னு சொல்லுங்க சார்."

"வச்சேன். அந்த வைரஸ் அதுல முடங்கியிருக்கணும். இருந்தாலும் ஆறு மாசம் டெஸ்ட் எடுத்துத்தான் சொல்லுவேன்."

மாதாமாதம் லீவு நாளில் கடலூருக்குப் பஸ் ஏறி வந்து, கோமதிக்குத் தன் கையாலேயே ரத்தம் எடுத்துப்போனார். மறுநாள் போன் வரும். "ஒண்ணுமில்ல சார்" என்பார். நான் மூச்சு விடுவதற்குள் "இருந்தாலும்..." என்பார். அந்த ஒரு சொல்லால் என் ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டானது. இதற்குள் பாலு தேறிவிட்டான். கோமதிக்கு முடி முளைத்து, என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பும் வந்திருந்தது.

ஆறாவது மாதம் போன் வரவில்லை. பேப்பரோடு ஆளே வந்தார்.

"இல்ல சார். சுத்தமா இல்ல" என்றார்.

நான் அந்த 'இருந்தாலும்' வரக் காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். அது வரவேயில்லை. பாலு வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"அப்ப இனிமே எனக்கு இங்க வேலையில்ல" என்று பையை எடுத்தார்.

"ஏண்ணே, ரத்தம் எடுக்க மட்டுந்தான் வருவீங்களா? ஒக்காருங்க, சாப்பாடு ஆயிடும்" என்றாள் கோமதி.

சாப்பிட்டதும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே கொண்டுபோய் விட்டேன். சிதம்பரம் பஸ் இரண்டு வந்து கிளம்பிப் போயின. இரண்டு தடவையும் நான்தான் அவர் கையைப் பிடித்து, அடுத்த பஸ்ஸில் போகலாம் சார் என்றேன்.