ஸ்பெயின் இளவரசிக்கும் எங்கள் பாதிச் சூளைக்கும் உள்ள சம்பந்தம்

விருத்தாசலம்,
12-6-2004

மகா கனம் பொருந்திய அக்கா பெரியநாயகிக்கும், நம் பக்கத்து மங்களூர் வட்டாரமே பார்த்து நடுங்கும் மச்சான் தனக்கோடி அவர்களுக்கும் தம்பி விருத்தகிரி அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், நாய், சூளை மூவரும் நலம். அங்கு நீங்களும் மாடும் நலமா? இப்போது நான் சொல்லப்போகும் கதையை யாரும் நம்பமாட்டார்கள். நீங்களும் நம்ப வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பாண்டிச்சேரிக் கடைக்காரர் ஒருவர் பீங்கான் பொம்மைக்கு மாதிரியாக ஒரு படம் அனுப்பினார். ஸ்பெயின் தேசத்து இளவரசி. பாவாடை அகலம் என்றால் அப்படியோர் அகலம். அவள் திரும்பினால் வேப்பூர் கூட்ரோட்டில் நாலு லாரி ஒதுங்கி நிற்க வேண்டும். அவளைச் சின்னப் பிள்ளையிலேயே அவள் அம்மாவின் கூடப்பிறந்த தம்பிக்கு, வேறொரு தேசத்துச் சக்கரவர்த்திக்கு, என்று பேசிவிட்டார்களாம். ஆசையில் இல்லை; ராஜ்யம் கைவிட்டுப் போகக்கூடாது. அவ்வப்போது அவளைப் படம் எழுதி, “சரக்கு வளருது, பாத்துக்குங்க” என்று மாப்பிள்ளைக்கு அனுப்பினார்களாம். ஆயிரம் கப்பலில் சீர் போனது, ஊறுகாய்க்கு மட்டும் நாற்பது கப்பல், ஊர்வலத்தில் எழுநூறு யானை. போன இடத்தில் பெற்றாள், புதைத்தாள், மறுபடி பெற்றாள், மறுபடி புதைத்தாள். புருஷனை மாமா என்றே கூப்பிட்டாள். இருபத்தொரு வயதில் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு அந்த ஊர் ஆறு பின்பக்கமாக ஓடியதாம்.

இதை நான், பரீட்சை லீவுக்கு வந்து பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த உங்கள் மகள் கயல்விழியிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

“எனக்கு இப்ப பதினெட்டு. அப்ப இன்னும் மூணு வருஷம் இருக்குதுங்களா மாமா?”

“அடி போடி! உன் மாமன் என்ன சக்கரவர்த்தியா? ஓட்டைக் கூரையும் ஒரு நாயும்தான் இருக்குது.”

“அம்மாவும் அதத்தான சொல்லுது. கூரை பிரியக்கூடாதாம்.”

அதன்பிறகு அவள் எழுதிய பொம்மைகள் எல்லாவற்றுக்கும் கண் மூடியிருந்தது. நான் சூளை அடுக்கினேன். மெருகு பூசியதை விரல் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும் என்பது நம் தொழிலின் முதல் பாடம். அவள் கேட்ட கணக்கிலேயே மனசு நின்றதால் அதை மறந்துவிட்டேன். நெருப்பில் மெருகு உருகி இளவரசிகள் எல்லாம் ஒருத்தியோடு ஒருத்தி ஒட்டிக்கொண்டார்கள். பிரிக்கத் தட்டினேன், தலை தனி, கை தனி. அந்தச் சமயம் பார்த்து மச்சான் தாம்பூலத் தட்டோடு வந்து நின்றார்.

“ஒட்டிக்கிட்டா என்னடா, ஒண்ணாத்தான இருக்குது! அதே மாதிரிதான். பாதி சூளை உன்னுது, பாதி உங்கக்காளுது. பாப்பாவ நீ கட்டிக்கிட்டா பிரியாது. நர்சிங் படிக்கப் போவுதாம், நர்சிங்கு! நாளு குறிச்சாச்சு, போ.”

ஆகவே தங்கள் உத்தரவைத் தலைமேல் தாங்கி, குறித்த நாளில் மாலையும் கழுத்துமாக நிற்க இதனால் சம்மதிக்கிறேன். முப்பத்தெட்டு வயதும் சர்க்கரை வியாதியும் சேர்ந்தால் மாப்பிள்ளைக்கு வரும் களையே தனி.

பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, மாட்டுக்கு ஒரு கை தவிடு.

இப்படிக்கு,
சூளைச் சக்கரவர்த்தி விருத்தகிரி

பி.கு.: சம்மதம் என்று எழுதினது சும்மா. நீங்க இதைப் படிக்கும்போது கயலு பாண்டிச்சேரியில நர்சிங் ஹாஸ்டல்ல இருக்கும். நான்தான் பஸ்ஸு ஏத்திவிட்டேன். என் பாதிச் சூளையை அது பேருக்கு எழுதி ரிஜிஸ்டர் பண்ணியாச்சு. ஆத்தா பாதி, மக பாதி. சாம்ராஜ்யம் பிரியலை, இனிமே கல்யாணம் எதுக்கு? மச்சான் அரிவாளோட வர்றதா இருந்தா வெள்ளிக்கிழமை வேண்டாம். சூளை எரியுது, பேச நேரம் இருக்காது. கப்பலு, யானை, பின்பக்கமா ஓடின ஆறு எல்லாம் என் புளுகு. அந்தப் பொண்ணு, கட்டின புருஷனைச் சாகுற வரைக்கும் மாமான்னே கூப்பிட்டுதுக்கா. அது மட்டும் நிஜம்.