தாய்மாமன் தணிகாசலமும் நலம் விசாரிக்கும் பாதையும்

ஒரு காட்டில், சிங்கம் நரி பஞ்சாயத்தெல்லாம் ஓய்ந்துபோன பிறகு, மலை மேலிருந்து ஏரி வரைக்கும் ஒரு நடைபாதை போட்டார்கள். போட்ட வாரமே சைக்கிளில் வந்த காட்டுப்பன்றியும் நடந்து வந்த கரடியும் முட்டிக்கொண்டு உருண்டார்கள். உடனே பாதைக் கமிட்டி கூடி ஒரு பலகை நட்டது. ‘இடப்பக்கமாகச் செல்லவும். முந்துபவர் மணி அடிக்கவும். எதிரே வருபவரை அன்போடு விசாரிக்கவும்.’ முதல் இரண்டையும் ஒருத்தரும் மதிக்கவில்லை. மூன்றாவது அந்தக் காட்டுக்கு ரத்தத்திலேயே ஊறியது, விடுவார்களா?

மலை மேல் குடியிருந்த ஆமை தணிகாசலத்துக்கு அன்று ஏரிக்கரையில் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணையில் உட்கார மாட்டாள். “முகூர்த்தம் தப்பிச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழுந்து போயிடுவாங்கண்ணே” என்று தங்கை கோமளம் கெஞ்சியிருந்தாள். பாவம், மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார்.

முதல் வளைவிலேயே எதிரே ஒரு மிளாமான். பலகையை ஒருமுறை பார்த்தது. “என்ன மாமா, காலங்காத்தால எங்க கிளம்பிட்டீங்க?”

போச்சு! நல்ல காரியத்துக்குப் போகிறவரை எங்கே என்று கேட்டால் காரியம் உருப்படுமா? இல்லாத பல்லைக் கடித்துக்கொண்டு தணிகாசலம் வீட்டுக்குத் திரும்பினார். உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி புறப்பட்டார். ஆமை திரும்பிப் போய் வருவதென்றால் சும்மாவா?

இந்தத் தடவை முள்ளம்பன்றி. “எங்க சார், இவ்வளவு தூரம்?” மறுபடி வீடு, மறுபடி தண்ணீர். அடுத்து ஒரு மந்திக் குடும்பம் பாதையை அடைத்துக்கொண்டு நின்று, “மாலையும் கழுத்துமா எங்க போறீங்க?” என்று கோரஸாகக் கேட்டது. திரும்பவும் வீடு. வயிறு முழுக்கத் தண்ணீர். கீழே நாதஸ்வரம் வேறு கேட்க ஆரம்பித்தது. தணிகாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

“பாழாப்போன மரியாதை! என் மருமக கல்யாணத்தைக் கெடுக்கவாடா பலகை நட்டீங்க?”

புலம்பியபடி அவர் பாதையில் கால் வைத்தபோது, பின்னால் துருவன் என்ற முயல் ஓடிவந்தது. காதில் ஹெட்போன், கண் கைக்கடிகாரத்தில். மணியாவது ஒன்றாவது! இடித்த பிறகுதான் அவரைப் பார்த்தது. “யோவ், ஓரமாப் போய்யா!” என்று ஒரு உதை விட்டது.

தணிகாசலம் மல்லாந்து விழுந்து, ஓட்டின் மேல் சர்ரென்று சறுக்கிக்கொண்டு போனார். வழியில் மிளாமான் வாயைத் திறந்தது. “எங்க மா...” என்பதற்குள் அவர் அடுத்த வளைவைத் தாண்டிவிட்டார். நேரே பந்தலுக்குள் புகுந்து மணைக்கு முன்னால் போய் நின்றார். மாலை கசங்கியிருந்தது, ஆனால் முகூர்த்தம் தப்பவில்லை. கோமளம் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பின்னாலேயே முயல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “மன்னிச்சிடுங்க மாமா. இனிமே பலகையில போட்டிருக்கிறபடி எல்லாரையும் விசாரிச்சுட்டுத்தான் போவேன்” என்று கண்கலங்கியது.

தணிகாசலம் பதறிப்போனார். “வேணாம் ராசா! முதல்ல அதை எடுத்துக் காதுல மாட்டு!” என்றவர், பந்தியில் முதல் இலையை அதற்கே போடச் சொன்னார்.

நீதி: எதிரே வருபவரை எப்போதும் அன்போடு விசாரி. அவர் எங்கேயாவது போய்ச் சேர வேண்டியிருந்தால் மட்டும், பேசாமல் ஒரு உதை விடு.