எனக்கு ஒண்ணும் ஆகலையே

உலகத்தில் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வகை. ஊர் ஊராக அலைந்து, ஆயிரம் பேரின் ரத்தத்தைச் சோதித்து, வருடக்கணக்கில் கணக்குப் போட்டு, கடைசியில் ‘கெடுதல் செய்யக்கூடும் என்று தோன்றுகிறது’ என மென்று விழுங்குகிறவர்கள் ஒரு வகை. ‘எனக்கு ஒண்ணும் ஆகலையே!’ என்று ஒரே வரியில் அத்தனை பேர் வாயையும் அடைத்துவிடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையை நீங்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் வகை இல்லாத தெரு உண்டா?

நம்மவர் டிரை கிளீனிங் கடைக்காரர். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கும் கோட்டுகள், பட்டுத் துணிகள். பின்பக்கம் வட்டக் கதவு வைத்த பெரிய மெஷின். அதற்கும் பின்னால், ஜன்னல் இல்லாத மூலையில், இஸ்திரி மேசையும் அவர் மனைவியும். மெஷினுக்குள் துணியைத் துவைப்பது தண்ணீர் அல்ல, தித்திப்பாக மணக்கும் ஒரு ரசாயனத் திரவம். கடையில் அதற்குப் பெயர் ‘மருந்து’. கறை போக மருந்து, பூட்டில் பிசுக்கு போக மருந்து, தரையில் ஒட்டிய பெயின்டுக்கு மருந்து. சாப்பிடப் போகுமுன் கையில் கிரீஸ் இருந்தால் அதற்கும் மருந்துதான். அவர் உடம்பில் அது படாத இடம் மூளை ஒன்றுதான் என்று நினைத்தீர்களானால், அவரைப் பற்றி உங்களுக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம்.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். கடையின் காற்றை அளக்கச் சின்னக் கருவி ஒன்றை மனைவியின் தோளில் மாட்டிவிட்டாள்.

“சார், இந்த ஆவி தலைசுத்தல் கொடுக்கும். ஈரலைக் கெடுக்கும். ரொம்ப வருஷம் சுவாசிச்சா புற்றுநோய்கூட வரலாம்.”

“வரலாமா? வருமா?”

“வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு சார்…”

“அப்படி வாங்க வழிக்கு!” கடைக்காரர் மருந்துத் தொட்டியில் கையை மணிக்கட்டு வரை முக்கி எடுத்து, சந்தனம் பூசியவர்போல் முகர்ந்து காட்டினார். “இருபது வருஷமா இதோடதான் குடித்தனம் நடத்துறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!”

“எனக்கு ஆகுதுங்க,” என்றாள் மனைவி மூலையிலிருந்து. “சாயங்காலமானா தலை கிறுகிறுங்குது.”

“காலைல ஒழுங்கா சாப்பிடுன்னா கேக்குறியா?”

விஞ்ஞானத்தின் அழகைப் பார்த்தீர்களா? அவருக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அது சான்று. அவளுக்கு ஏதாவது ஆனால் அது காலைச் சாப்பாடு!

அந்தப் பெண் மாற்று வழி சொன்னாள். தண்ணீரிலேயே, துணி சுருங்காமல் பக்குவமாகத் துவைக்கும் மெஷின் வந்திருக்கிறதாம். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “டிரை கிளீனிங்னு போர்டு மாட்டிட்டுத் தண்ணியில முக்கச் சொல்றியேம்மா!”

அடுத்த வாரம் மெஷின் கதவின் ரப்பர் வளையம் விரிசல் விட்டது. துணி வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னங்க, இப்படி வாசனை அடிக்குது?”

“எந்த வாசனை?”

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருடைய மூக்கு அந்த மருந்திடம் எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டது.

“என்னங்க, மருந்து கசியுது. மெஷினை நிறுத்துங்க,” என்றாள் மனைவி.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே. நீ வேலையைப் பாரு.”

அந்த ஆவி காற்றைவிடக் கனம்; தரையோடு தேங்கும். கீழே விழுந்த சட்டையை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இஸ்திரிப் பெட்டி விழுந்த சத்தம் கேட்டுத்தான் அவர் திரும்பினார். மெஷினை நிறுத்தவும் தோன்றாமல், அவளைக் கையைப் பிடித்து நடைபாதைவரை இழுத்து வந்தார். வந்ததும் தெரு முழுக்கச் சுழல, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

“அவங்க தேறிடுவாங்க. உங்க ஈரல்தான் சரியில்லை,” என்றார் டாக்டர்.

“எனக்கா?”

பேயறைந்த மாதிரி மனைவியின் கட்டிலருகே போய் நின்றார். அவள் கண்ணைத் திறந்தாள்.

“அந்த மெஷின் இருக்கற இடத்துக்கு இனி நான் வரமாட்டேன். மெஷினா, நானா, நீங்களே முடிவு பண்ணுங்க.”

தண்ணீர் மெஷின் வந்தது. மூலையில் சுவரை இடித்து ஜன்னலும் வைத்தார்கள். மனிதர் திருந்திவிட்டார் என்கிறீர்களா? “அந்த மருந்து விஷம் சார். ஆராய்ச்சிக்காரங்க இழுத்துக்கிட்டே இருந்தாங்க, நான்தான் பட்டுன்னு கண்டுபிடிச்சேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் முழங்குகிறார். மறுபடி வந்த ஆராய்ச்சிப் பெண், கறை எடுக்கும் புதுத் திரவத்துக்கும் கையுறை போடச் சொன்னாள்.

“அட, வந்ததிலிருந்து வெறுங்கையாலதான் தொடுறேன். எனக்கு…”

மனைவி வீசிய கையுறை அவர் வாயிலேயே விழுந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, ‘எங்க பெரியப்பா விடாம சிகரெட் புடிச்சு தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரே’ என்று உங்கள் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றதே, அதை மட்டும் வீட்டில் யாரும் இருமாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.