திரைச்சீலையில் பதினேழு காஜா

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மகள், குட்டி மூவரும் சுகம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். நின்றுகொண்டு எனக்கு எதையும் விளக்கிச் சொல்ல வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டில் தினமும் காலையில் ஒரே அழுகை என்று உங்கள் மகள் அத்தையிடம் சொன்னதாகவும், மூன்றரை வயதுப் பிள்ளையை மழலையர் பள்ளியில் தள்ளிவிட்டு நாங்கள் ஏங்க வைப்பதாகவும், வருகிற சனிக்கிழமை நீங்களே வந்து குட்டியைக் கூட்டிக்கொண்டு போய் ஐந்து வயது வரை உங்களிடமே வைத்துக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் மாமா? தயவுசெய்து வர வேண்டாம். அதாவது வாருங்கள், வந்து பத்து நாள் தங்குங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மட்டும் போக வேண்டாம். பள்ளி அருமையான பள்ளி. அதற்குப் பெற்றோர் சங்கம் ஒன்று பக்கபலமாக இருக்கிறது. அதில் எனக்கு முக்கியமான பொறுப்பும் கொடுத்திருக்கிறார்கள்.

அழுகை என்று சொன்னது உண்மைதான். அழுதது யார் என்று சொல்லாமல் விட்டது உங்கள் மகளின் பெருந்தன்மை. முதல் நாள் குட்டி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு ஆபீஸுக்குப் போகலாம் என்று சுற்றி வந்தால், அங்கே ஏற்கெனவே பதினாறு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பதினேழாவது. அதுவரை சமர்த்தாகக் களிமண் உருட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஜன்னல் நிறைய முகங்களைப் பார்த்ததும் ஓவென்று ஆரம்பித்துவிட்டன. பிள்ளைகள் அழ, வெளியே நாங்கள் அழ, இப்படியே நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் டீச்சர் வெளியே வந்தார். "பதினேழு பிள்ளைங்கள நான் பாத்துக்குவேன். உங்க பதினேழு பேரை யாரு பாத்துக்கிறது? ஒரு சங்கம் ஆரம்பிச்சு உங்கள நீங்களே பாத்துக்கோங்க. இல்லன்னா மாசக் கடைசியில நான் வேற வேலை தேடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பள்ளிக்கு இருப்பதே அந்த ஒரு டீச்சர்தான்.

உடனே சங்கம் பிறந்தது. தலைவர், ஒரு பஸ் கண்டக்டரம்மா. நெரிசலான பஸ்ஸில் படிக்கட்டு வரை நிற்கிற கூட்டத்தையே உள்ளே நகர்த்துகிறவர், பதினாறு பேரை நகர்த்த மாட்டாரா? ஜன்னலுக்குத் திரை போடுவது முதல் தீர்மானம். திரைக்குக் காவல் போடுவது இரண்டாவது. காவலுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் சர்வேயர் அல்லவா, எங்கே நின்றால் பிள்ளைகள் தெரிவார்கள், டீச்சருக்கு நாம் தெரிய மாட்டோம் என்று அடிக்கணக்கில் அளந்து ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தேன். அது கூட்டத்தின் நடுவில் சட்டைப்பையிலிருந்து விழுந்துவிட்டது. கண்டக்டரம்மா விரித்துப் பார்த்துவிட்டு, "எட்டிப் பாக்குற இடமெல்லாம் இவருக்கு அத்துப்படி. இவரே காவலுக்கு இருக்கட்டும்" என்றார். ஒன்பதிலிருந்து பத்து வரை என் வேலை. உட்கார முக்காலி கொடுத்திருக்கிறார்கள்.

காவலில் நான் கண்டிப்பானவன். ஒரு தபால்காரர், அவரும் ஓர் அப்பாதான், ஒரே கடிதத்தை மூன்று தடவை கொடுக்க வந்தார், திருப்பி அனுப்பினேன். ஆனால் திரை தைத்துக் கொடுத்தது ஒரு தையல்காரம்மா. அவருடைய பெண்ணும் உள்ளே இருக்கிறாள். பெற்ற மனம் கேட்குமா? திரையில் தன் கண் உயரத்துக்கு, பொத்தான் நுழைகிற மாதிரி ஒரு காஜா வெட்டி, விளிம்பைச் சுற்றி அழகாகத் தைத்துவிட்டார். "காத்து வரட்டும்னுதான் வச்சேன்" என்றார். காற்று எல்லோருக்கும் வேண்டாமா? ஒவ்வொருவராக வந்து தங்கள் தங்கள் உயரத்தைச் சொல்ல, ஒரு வாரத்தில் திரையில் பதினேழு காஜா ஆகிவிட்டது. எல்லாவற்றிலும் தாழ்வாக இருப்பது என்னுடையது. கடமையை உட்கார்ந்து செய்கிறவன் அல்லவா?

நேற்றுதான் சின்ன அசம்பாவிதம். நான் என் காஜாவில் கண்ணை வைத்த அதே நேரத்தில், உள்ளேயிருந்து கண்டக்டரம்மாவின் பையனும் கண்ணை வைத்திருக்கிறான். "டீச்சர்! திரைக்குக் கண்ணு மொளச்சிருக்கு!" என்று அவன் போட்ட கூச்சலில் பிள்ளைகள் தெறித்து ஓடின. வண்ணத் தண்ணீர் கொட்டி வருகைப் பதிவேடு முழுக்கப் பச்சையாகிவிட்டது. குட்டி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "அது எங்கப்பா கண்ணு. ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு தைரியம் பார்த்தீர்களா மாமா? இப்படிப்பட்ட பிள்ளை ஏங்கிப் போகிறாள் என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்று சாயங்காலம் டீச்சர் அவசரக் கூட்டம் கூட்டியிருக்கிறார். டீச்சரை எப்படியாவது இருக்க வைத்துவிடுவோம். என் பணியையும் நாலு வார்த்தை பாராட்டுவார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே சனிக்கிழமைப் பயணத்தை நிறுத்திவிடுங்கள். இந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லை, நான் திடமாக இருக்கிறேன். அத்தைக்கு என் வணக்கங்களைச் சொல்லி, உங்கள் ஆசியையும் கொஞ்சம் இரக்கத்தையும் எதிர்பார்க்கும்,

மருமகன்.

பின்குறிப்பு: கூட்டம் முடிந்து வந்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். டீச்சர் வேலையை விடவில்லை. ஆனால் உங்கள் கடித விஷயத்தை உங்கள் மகள் சொல்லக் கேட்டு, ஒரு நிபந்தனை போட்டார். "பிள்ளைய எங்கயும் அனுப்பாதீங்க, அவ ரொம்ப நல்லா இருக்கா. இவர வேணா ஒரு வாரம் மாமனார் வீட்டுக்கு அனுப்பி வைங்க" என்றார். உங்கள் மகள் எழுந்து வழிமொழிந்தாள். சனிக்கிழமை காலை நான் வருகிறேன் மாமா, கண்டக்டரம்மா தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வருகிறாராம். சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் எல்லோரும் தூக்கினார்கள். கடைசியில் குட்டியும் தூக்கினாள். வகுப்பில் என்ன கேட்டாலும் கை தூக்காத பிள்ளை, இன்றுதான் முதல் தடவையாகத் தூக்கியிருக்கிறாள் என்று டீச்சருக்கு ஒரே சந்தோஷம். நானும் பெருமையில் கை தட்டினேன். அதற்கப்புறம்தான் அழுதேன்.